குடம் நிறைந்த பிறகு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பரீட்சை முடிவு வரும் நாள் தவிர மற்ற நாட்களில் ஈ ஓட்டினேன். தவறாமல் வந்தவர் ஒருவர்தான். ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர்.

முன்பெல்லாம் அவர் செய்தியைக் கவரில் போட்டு, மத்தியானத் திருச்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். விழாக்களோ சாயங்காலம்தான் நடக்கும். அதனால் அழைப்பிதழைப் பார்த்தே விழாவை நடத்தி முடித்துவிடுவார். தலைமை, வரவேற்பு, நன்றியுரை எல்லாம் அதிலேயே இருக்கிறதே. 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்பதை மட்டும் கையிலிருந்து போடுவார். ஈமெயில் வந்த பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டே அனுப்பியிருக்கலாம். ஆனாலும் மனுஷன் அதே மத்தியானம் வந்து நிற்பார். பழக்கம்.

கீழப்பழுவூர் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் புதிதாகக் குடிநீர்த் தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாச் செய்தியும் என் கடையிலிருந்துதான் போனது. அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் வரவில்லை. வால்வைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பேப்பரில் தொட்டி திறக்கப்பட்டிருந்தது, பொதுமக்கள் மகிழ்ச்சி அடைந்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல் குடத்தோடு வயல்காட்டு பம்புசெட்டுக்கு நடந்தாள்.

விருந்தினருக்கு அப்புறம் நாளே கிடைக்கவில்லை. அக்காவும் இன்னும் சில பெண்களும், அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைநகராக இருந்த பெரம்பலூர் போய் ஒரு ஆபீஸில் மனு கொடுத்தார்கள்.

"பேப்பர்லயே வந்துடுச்சேம்மா, தண்ணி வுட்டாச்சுன்னு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா கடைக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பர்க்காரர் விட்ட தண்ணீரை எந்தக் குடத்தில் பிடிப்பது?

அப்போது நான் ஒரு வலைப்பதிவு வைத்திருந்தேன். சினிமா பற்றியும் கரண்ட் கட் பற்றியும் எழுதுவேன். படித்தவன் பெரும்பாலும் நானே. மறுநாள் போய் வறண்ட குழாயையும் பூட்டையும் படம் எடுத்துப் போட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் எப்படியோ பார்த்து, நாளிதழின் தலைமை ஆபீஸுக்கே அனுப்பிவிட்டார்.

நிருபருக்கு அங்கிருந்து ஃபோன் வந்தது. என்ன திட்டு என்று அவர் சொல்லவில்லை. மாடியேறி வந்து என் படத்தைக் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் அது நமது நிருபர் எடுத்த படமாக வெளிவந்தது. அன்று மத்தியானமே வால்வைத் திறக்க ஆள் கிளம்பிவிட்டதாகத் தகவல். நிருபர் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார், நான் ஒன்றில். நானும் 'தண்ணீர் வந்தது' என்று தலைப்புப் போட்டு நாலு வரி அடித்துவிட்டேன். அவரை முந்தக் கை பரபரத்தது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அக்காவின் செல்லுக்கு அடித்தேன்.

"காத்துதான் வருது. கொடம் நெறையட்டும், சொல்றேன். அதுக்குள்ள நீயும் எழுதிப்புடாதடா" என்றாள்.

செல்லில் பேசினாலும் அக்கா குரல் அடுத்த சீட்டுக்குக் கேட்கும். நிருபர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். டீ சொன்னேன். குடித்தோம். கீழே திருச்சி பஸ் போய்விட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு அக்கா கூப்பிட்டாள். செல்லைக் குழாயடியில் பிடித்திருந்தாள், குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செல்லை நிருபரின் காதில் வைத்தேன். குடம் நிறைந்து சத்தம் அடங்கும் வரை கேட்டார். பிறகு, அடித்து வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். நானும்தான்.