முதல் வரியில் ஒரு பெயர்

எங்கள் கல்லூரி நூலகத்தின் தமிழ்ப் புத்தக விவரங்களையெல்லாம் பழைய எழுத்துரு ஒன்றில் ஏற்றிவைத்திருந்தோம். புது மென்பொருளில் போட்டால் தலைப்புகள் கன்னாபின்னா ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடினால் ஒரு புத்தகமும் அகப்படாது. நூலகரான நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, என்னிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண், அவற்றை ஒழுங்கான தமிழாக்கிப் புது அமைப்புக்கு மாற்றித் தரும் டூல் ஒன்றைத் தானே எழுதினாள். கணபதி என்கிற பகுதியில் ஒற்றை அறை வாடகை வீடு அவளுக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டங்காட்டில் வேலை செய்து படிக்கவைத்த பெண்.

அந்த வருடத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது அந்த டூல் ஒன்றுதான். அதுவோ கல்லூரிக் கணினிக்குள் கிடந்தது. ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டால் எந்த நூலகமும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். எழுதியவர் பெயர் மட்டும் நிரலின் முதல் வரியில் நிற்கும். அந்த வரிக்காகத்தான் அலைந்தேன். ஊருக்கு உபகாரம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

அனுமதி தரவேண்டிய கல்லூரித் தாளாளருக்குச் சொந்தமாகப் பம்பு கம்பெனி உண்டு. "ஏனுங்க சார், வார்ப்புக்கு அச்சுப் பேட்டர்ன் நாம செஞ்சுபோட்டு, பக்கத்துப் பட்டறைக்குத் தூக்கிக் குடுப்பமுங்களா?" என்றார். விடாமல் நச்சரித்த பிறகு, "நாலு காலேஜ்காரங்க வேணும்னு கேட்டாப் பாக்கலாமுங்க" என்று இறங்கிவந்தார்.

சுற்றுவட்டார நூலகர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பி, டூலை வந்து பார்க்கும்படி அழைத்தேன். ஒருவரும் வரவில்லை. வரவழைத்த போண்டா ஆறிப்போனது. காரமடை நூலகருக்குப் போன் செய்தால், "மெயில் பாத்தனுங்க. நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்புடலீங்களே, எப்படிங்க வாரது?" என்கிறார். இந்த மண்ணிலேயே பிறந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக் கல்யாணமானாலும், நேரில் வந்து அழைக்காவிட்டால் செருப்பை மாட்டாத சனம் நாங்கள்.

பிறகு அவள் ஸ்கூட்டரிலும் நான் பைக்கிலுமாகக் கல்லூரி கல்லூரியாகப் போனோம். போன இடமெல்லாம் முதலில் காபி, பிறகு நலம் விசாரிப்பு, பிறகு மழையைப் பற்றிப் பேச்சு, அதற்கப்புறம்தான் லேப்டாப். காரமடையில் அந்த நூலகரின் கண்ணெதிரே அவருடைய புத்தகத் தலைப்புகள் தமிழாக மாறின. மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அட, என்ற புஸ்தகமெல்லாம் உசுரோடதான் இருக்குதா! நீயே எழுதுனதா கண்ணு?"

"ஆமாங்க சார்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

தாளாளர் கேட்டதற்கு மேலேயே ஆள் சேர்ந்துவிட்டது. அவரும் சம்மதித்தார். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து அவள் போய்விட்டாள். டூல் வெளியான அன்று ஆசையோடு திறந்து பார்த்தேன். முதல் வரியில் கல்லூரியின் பெயர் இருந்தது. அவள் பெயர் எங்குமே இல்லை.

நேராகத் தாளாளர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "நம்ம கம்பெனி பம்புல லேத் ஓட்டுனவன் பேரயா போடறமுங்க? சம்பளம் குடுத்துச் செய்யச் சொன்ன வேலைதானுங்களே. உக்காருங்க, காபி குடிச்சுப்போட்டுப் போலாம்."

யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை என்றேன். காபி வந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டுக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தாள். "அந்த டூல அவங்களும் எடுத்துப் போட்டிருக்காங்க சார். அத ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே அம்மணி?"

"நான் எழுதுனதுன்னு சொன்னனுங்க. உடனே தெறந்து பாத்தாங்க. அப்பறம், 'வேலைக்காகப் பொய் சொல்லக் கூடாது கண்ணு'ன்னு பொறுமையா எடுத்துச் சொல்லி அனுப்பிவெச்சாங்க சார்."