பழுப்பு நிறத்துக்கு ஒரு தனி லேயர்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார். தையல் லைனில் இருந்த நான், "எனக்குத் தெரியும் சார்" என்று மேனேஜரிடம் போய் நின்றேன். தெரிந்தது கொஞ்சம், வாய் ஜாஸ்தி. ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்ப லைனுக்கே என்றார். லைனுக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நின்ற வருஷங்கள் போதும்.

வேலை இதுதான். ஒரே ஒரு சாம்பிள் ஷூவைப் போட்டோ எடுத்து, அதையே பல நிறங்களில் மாற்றி, ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டும். தையலுக்கு வருவதற்கு முன் நான் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங்கில் இருந்தவள். அங்கே கலரை நேராகத் தோல்மேல் ஸ்ப்ரே செய்வார்கள், அடித்தால் அடித்ததுதான். அதே கையோடு போட்டோவின் மேலேயும் பழுப்பை நேராக அப்பிவிட்டேன். தோலின் ரேகை, தையல், சுருக்கம் எல்லாம் காணாமல் போயின.

"இன்னாம்மா இது? மழைக்குப் போடுற ரப்பர் ஷூ மாதிரி இருக்குது!" என்றார் சாம்பிள் ரூம் சூப்பர்வைசர்.

அதோடு போகவில்லை. அசல் போட்டோவின் மேலேயே சேவ் செய்திருந்தேன், ஷூவோ கூரியரில் போய்விட்டது. போட்டோவுக்காகவே இன்னொரு ஷூவை முதலிலிருந்து தைக்க வேண்டி வந்தது. தைத்தவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா லைனுக்குப் போய்டு" என்றார் சூப்பர்வைசர். எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது, என்மேலேயே.

புது ஷூ தைத்து வந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும், புதிய போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் வலது பக்கம் லேயர் என்று ஒரு கட்டம் எப்போதும் இருக்கும். அதில் இருந்த கண் படத்தை அழுத்தினேன். ஷூ மறைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், ஷூ அப்படியே வந்து நின்றது. சரி என்று, போட்டோவின் மேல் கண்ணாடித்தாள் விரிப்பதுபோல் புதிதாக ஒரு லேயர் போட்டு, அதில் பழுப்பைக் கிறுக்கிவிட்டு, அந்த லேயரை மட்டும் மறைத்தேன். அடியில் ஷூவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிறகு லேயரின் தன்மையை மாற்றும் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். மல்டிப்ளை என்பதைத் தொட்டதும் பழுப்புக்குள்ளிருந்து தோலின் ரேகை எழுந்து வந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். டிபன் பாக்ஸை அன்று திறக்கவேயில்லை.

அதன்பின் மேல்தோலுக்கு ஒரு லேயர், உள்தோலுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, அடியில் இருக்கும் சோலுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தேன்.

மாதக் கடைசியில் பையர் நேரிலேயே வந்தார். மேனேஜரும் சூப்பர்வைசரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். சிவப்பைக் குறைக்கச் சொன்னார் பையர், குறைத்தேன். நூலை மஞ்சளாக்கச் சொன்னார். உள்தோலை வெளுக்கச் சொன்னார். கேட்ட மாற்றம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புது லேயரில் போட்டேன். பிறகு தலையை ஆட்டி, வேண்டாம், முதலில் இருந்தது போலவே வேண்டும், ஆனால் மஞ்சள் நூல் மட்டும் இருக்கட்டும் என்றார். பின்னால் சூப்பர்வைசர் மூச்சை இழுத்தது கேட்டது. சிவப்புக்கும் உள்தோலுக்கும் புதிதாகப் போட்ட லேயர்களின் இரண்டு கண்களை மட்டும் மூடினேன், அவ்வளவுதான். பையர் திரையில் விரல் வைத்து, இதையே செய்யுங்கள் என்றார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, ஏதோ துக்கச் செய்தி சொல்பவர்போல் தயங்கி நின்றார்.

"எப்படியும் நீ திரும்பி வந்துருவன்னு லைன்ல உன் மெஷினைக் காலியாவே வெச்சிருந்தாங்கம்மா. இன்னைக்கு வேற பொண்ண உக்கார வெச்சிட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன்.