பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அங்கே இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கல்யாணமானதிலிருந்து அந்தக் கால் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சூடான பாத்திரத்தோடு நான் வேகமாக நடந்தால், சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார். டிவியில் யாராவது மூச்சுவிடாமல் பேசினாலும் மிதிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷனை ஃப்ளூ காய்ச்சல் கட்டிலில் சாய்த்துவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது, மூக்கு நிற்காமல் ஒழுகியது. "நிறைய தண்ணி குடிங்க, படுத்தே இருங்க, வெளிய தலை காட்டாதீங்க" என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

வந்ததுதான் வந்தது, இவரிடமே கற்றுக்கொள்ளும் என் தங்கையின் லைசென்ஸ் டெஸ்ட் நெருங்கும்போதா வர வேண்டும்? ஒவ்வொரு தடவையும் பிரேக் போடாமல் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். தையல் கடை முதலாளியின் ஏச்சைக் கேட்டுக் காது புளித்தவள். அந்த வேலைக்காகத் தவம் கிடந்தாள்.

"பாடம் நிக்கக் கூடாது. கட்டில்தான் கார்" என்றார் இவர்.

காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் தங்கை முகக்கவசம் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள். கையில் என் பெரிய பாத்திரத்தின் மூடி. அதுதான் ஸ்டீயரிங்.

"நீ லாரி. வாசப்படியிலேருந்து குறுக்க வா" என்றார் என்னிடம்.

"எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"லாரி பேசாது."

விதியே என்று அவருக்கான வெந்நீரோடு லாரியாக வந்தேன். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் டமாரென்று ஓர் உதை விழுந்தது. கார் நின்றுவிட்டதாம். தங்கை மூடியைப் பிடித்தபடி பொம்மை மாதிரி இருந்தாள். ஆவி பிடிக்கும்போதும் பாடம் நிற்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து "கண்ணாடிய பாரு!" என்று குரல் வரும், பின்னாலேயே தும்மல் வரும். நான் லாரியாக வந்தேன், சைக்கிளாக வந்தேன், போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கிறவளாகக்கூட வந்தேன். எல்லாவற்றுக்கும் டமார், டமார். அவள் கால் மட்டும் அசையவில்லை.

"பாரு, இவளுக்குக் காலே நகர மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நகர இவர் எங்கே விட்டார்? வாயைத் திறந்து சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார்.

"குளிருதாங்க?" என்றேன்.

"நடுங்குதுடி."

வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து, இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றி, நுனியை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகினேன். பிறகு லாரியாகப் புறப்பட்டேன்.

இவர் உதைக்கப் பார்த்தார், கால் வரவில்லை. கத்த வாயெடுத்தார், இருமல் வந்து அடைத்தது. தங்கை அவர் காலைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நான் நிற்கிற லாரியும் இல்லை. இடிக்கப் போகிற நேரத்தில் அவள் கால் தரையில் தொப்பென்று இறங்கியது.

"அக்கா, நான் போட்டுட்டேன்!" என்று அவளே அரண்டுபோய்க் கத்தினாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் குளிராத காலுக்கெல்லாம் போர்வை சுற்றினேன்.

டெஸ்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள். "பாஸ், அத்தான்! ஒரு சைக்கிள் குறுக்க வந்துடுச்சு. பக்கத்துல ஆபீசர் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தார். நானே மிதிச்சேன்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். அவள் போன பிறகு போர்வையை விலக்கித் தன் காலையே உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, இவ பிரேக்கையெல்லாம் நான்தான் போட்டேனா?"

"ஆமாங்க."

"அப்போ இத்தனை வருஷமா என்கிட்ட கத்துக்கிட்டுப் போனவங்க எல்லாம்?"

பாவமாக இருந்தது. "கவலைப்படாதீங்க, எல்லாரும் ஜம்முன்னு ரோட்டுல ஓட்டிட்டுதான் இருக்காங்க" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். காய்ச்சல் இறங்கியிருந்த மனுஷனுக்கு மறுபடி உடம்பு நடுங்க ஆரம்பித்தது.