உதட்டில் அடித்த கரண்ட்

எனக்குச் செங்கல்பட்டு. வார இறுதிகளில் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளில் கிட்டாரில் ராக் வாசிப்பேன். ஆசையாக வாங்கிய புது ட்யூப் ஆம்ப்ளிஃபயரை பேண்டு நண்பன் ஜோசப் வீட்டில் வாசித்துப் பார்க்கப் போனேன். அதன் மூன்று பின் பிளக் அவனுடைய பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழையவில்லை. எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரை நடுவில் மாட்டிவிட்டான். ஒரு பாட்டுகூட உருப்படியாக வாசிக்க முடியவில்லை. ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது. கிட்டார் கம்பியைத் தொட்டால் விரல் சுருசுருவென்றது.

“ட்யூப்னா அப்டித்தான் இரையும் மச்சான். இன்னாத்துக்குப் பயப்புடற? பாடு!” என்றுவிட்டு டீ போடப் போனான்.

வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டிருந்தேன். தரையில் அப்போதுதான் துடைத்த ஈரம். கம்பியைப் பிடித்தபடி, தனி ஸ்பீக்கரில் மாட்டியிருந்த அவனுடைய மைக்கில் வாயை வைத்தேன். உதட்டில் பளாரென்று அடித்தது. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன், விழுந்ததால் பிழைத்தேன்.

சமையலறையிலிருந்து ஜோசப் கத்தினான்: “சூப்பர் மச்சான்! அத்த இன்னொரு வாட்டி வுடு!”

இப்போதெல்லாம் எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நானே கொண்டுபோகிறேன். பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் சுவிட்ச். யார் வீடானாலும் ரப்பர் செருப்பைக் கழற்றுவதில்லை. இத்தனைக்கும் பிறகு, மைக்கில் முதலில் வாய் வைப்பது ஜோசப்தான்.