அவள் என்னைப் 'பெட்' என்றாள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஷார்ஜாவில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு வெளியாட்களிடம் பேசவே கூச்சம். பக்கத்து ஃப்ளாட் வெள்ளைக்காரி டோரத்திதான் தினமும் காலையில் கதவைத் தட்டிப் பூங்காவுக்குக் கூட்டிப் போவாள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் பாதிகூடப் புரியாது. ஆனாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் ஃபிளாஸ்க் டீயைக் குடித்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

அவள் என்னைப் 'பெட்' என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் பேத்தியிடம் அதற்கு அர்த்தம் கேட்டேன்.

"பெட்னா டாக், கேட், ஆச்சி. வீட்ல வளப்பாங்கல்ல!"

எனக்கு முகமே செத்துப்போனது. அதன் பிறகு அவள் தட்டியபோதெல்லாம் நான் கதவைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். நல்ல மூடுபனி. கட்டடங்களெல்லாம் தரையில்லாமல் மிதந்தன. எங்கள் பெஞ்சுப் பக்கமிருந்து டோரத்தியின் குரல் வந்தது. நெருங்கிப் பார்த்தேன். அவள் போன் வீடியோவில், முன்பு எனக்குப் படத்தில் காட்டியிருந்த அவளுடைய மகள் அழுதுகொண்டிருந்தாள். டோரத்தி போன் கண்ணாடியில் அந்த முகத்தையே தடவித் தடவி, "டோன்ட் க்ரை, பெட்" என்றாள்.

பெற்ற மகளுக்கும் அதே சொல்தான்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"வேர் வேர் யூ, பெட்?"

"இங்கதான் இருந்தேன், மக்கா," என்றேன். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மக்கா?" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

என்னை அம்மா, ஆச்சி என்று கூப்பிட இங்கே ஆள் உண்டு. நான் 'மக்கா' என்று கூப்பிட எனக்கும் ஒருத்தி வேண்டியிருந்தது என்பது அந்தப் பனிக்குள்தான் தெரிந்தது.