தலைமாட்டு ரேடியம் கடிகாரம்

கதிர்வீச்சு எண்ணுற பெட்டியைத் தூக்கிக்கினு ஊர் ஊராப் போறவனுக்குப் பாறையைவிட மனுசங்கதான் அதிகம் வேலை வெப்பாங்க. பெட்டி சுமந்து தோள் கழன்ற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

எந்த ராஜ்யம்?

ஆந்திரா தனியாப் பிரிஞ்சு, எல்லை எங்கேன்னு இழுபறி நடந்துக்கினு இருந்த சமயம். நகரிப் பக்கம் பாறையில யுரேனியத் தாது தேடி வந்தோம். பெட்டியைத் தரையில வெச்சா டிக் டிக்குன்னு அடிக்கும். எல்லை அளக்கத்தான் வந்திருக்கோம்னு ஊரே கூடிடுச்சு. இல்லைய்யா, இது கதிரை எண்ணுதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டாங்க? ஒரு பெரியவர் பெட்டிகிட்ட காதை வெச்சுப் பார்த்துட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் அடிக்குது நைனா, மெட்ராசுன்னு அடிக்குதா, ஆந்திரான்னு அடிக்குதா?"

எட்டு நாளாத் தூக்கமில்லை

அந்தக் கூட்டத்திலிருந்து நெசவாளி முனிரத்தினம் என்னை வீட்டுக்கு இழுத்துக்கினு போனார். கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு அவர் சம்சாரம் லட்சுமிக்கு அஞ்சு மாசம். தலைமாட்டில் ரேடியம் பூசின அலாரம் கடிகாரம். ரேடியம் வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு யாரோ கொளுத்திப் போட்டுட்டாங்க. தூக்கி எறிஞ்சாலும் இத்தனை மாசம் பட்டது பட்டதுதானேன்னு அந்தம்மா எட்டு நாளாத் தூங்கலை.

லட்சுமி படுக்குற பாய்கிட்ட பெட்டியோட கதிர் பிடிக்கிற குழாயை வெச்சு, என் வாட்சைப் பார்த்து ஒரு நிமிசம் எண்ணினேன். ஏகப்பட்டது! அலாரத்தைத் தெருவுக்கு அனுப்பிட்டு மறுபடி எண்ணினேன். அப்பவும் விடாம அடிக்குது. பூச்சு உதிர்ந்து பாயெல்லாம் ஒட்டிக்கிச்சோ? அந்த இருட்டு அறையில லட்சுமி என் மணிக்கட்டையே பார்த்துச்சு: "அண்ணா, உங்க வாட்சு முள்ளும் பச்சையாத்தானே மின்னுது?"

திரும்ப எண்ணினது

அடக் கஷ்டகாலமே! மணி பார்க்க வசதியாக் கையைக் குழாய் மேலயே வெச்சிருக்கேன். வாட்சைக் கழட்டித் தெருவில நின்ன எங்க ஜீப் டிரைவர்கிட்ட கொடுத்து, நிமிசம் ஆனதும் குரல் கொடுக்கச் சொன்னேன். இப்போ பாயில வெறும் தரைக்கு உண்டான எண்ணிக்கைதான். அலாரத்தைத் தலைமாட்டுக்குக் கொண்டாந்தேன், கொஞ்சம் ஏறுச்சு. தறிப் பக்கம் தள்ளி வெச்சேன், பாயில பழையபடி வெறும் தரை எண்ணிக்கைக்கே இறங்கிடுச்சு. அஞ்சு மாச ராத்திரிக்கும் பெருக்கிப் பார்த்தேன். எங்க புஸ்தகத்துல இதுக்கு மேல ஆபத்துன்னு போட்ட அளவுக்கு எவ்வளவோ கீழே.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. தள்ளி வெச்சுக்குங்க, கடிகாரக் கண்ணாடியை மட்டும் திறக்காதீங்க"ன்னேன். லட்சுமி கண்ணைத் துடைச்சுக்கினு புருசன்கிட்ட சொல்லுச்சு: "தறியாண்ட கொண்டும்போய் வெச்சிடு, சோறு பானையில இருக்குது, நீயே போட்டுத் துன்னு, என்னை எழுப்பாத."

அந்த சர்வேயில எங்களுக்கு யுரேனியம் கிடைக்கலை, ஒரு பொம்பளைக்குத் தூக்கம் கிடைச்சது, அதை எழுத ரிப்போர்ட்டுல கட்டம்தான் இல்லை.