கரடியூர் வழியில் ஒரு தொட்டில் மரம்

போன மார்ச்சில் டாக்டர் நான்கு தேதிகளைக் குறித்துக் கொடுத்தார், குழந்தைக்கு முயல. கல்யாணமாகி ஐந்து வருடம். எனக்கோ விறைப்பு நிற்பதில்லை. தேதி குறித்தால் சுத்தமாக இல்லை. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. என்னைச் சோதிக்க வேண்டும் என்றபோதெல்லாம் வேலை என்று நழுவினேன். மனைவி கவிதாதான் ஊசியும் ஸ்கேனுமாக அலைந்தாள். இடம் மாறினால் உடம்பு மாறுமா? பார்த்துவிடலாம் என்றுதான் ஏற்காடு.

சேலத்தில் காலை 7.10 பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, 8.25க்கு மேலே இருந்தோம். எட்டாவது வளைவில் கவிதா வாந்தி எடுத்தாள். பின்சீட்டுப் பெண்மணி பூரித்துப்போய்ப் பார்த்தார். (இல்லைங்க, வெறும் வளைவுதான்.)

அறை வாடகை 1,800. மலைக்காற்றுக்கு இந்த விஷயத்தில் ஒரு வேலையும் இல்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

மறுநாள் கரடியூர் காட்சிமுனைக்கு ஆட்டோ. போக வர 700 ரூபாய். வழியில் ஒரு சின்னக் கோயில், மரம் முழுக்க விரல் நீளத் தொட்டில்கள். பிள்ளை பிறந்தால் இவற்றை என்ன செய்வார்கள்? தொட்டில் விற்ற அக்காவிடம் கேட்டேன்.

"அவுத்துட்டு மணி கட்டுவாங்கங்க" என்றவர், கவிதாவிடம் ஒன்றை நீட்டினார். "நீ கட்டு கண்ணு. கொறை இருக்கற பொம்பளதான் கட்டோணும்."

கவிதா கை நீட்டினாள். ஏற்கெனவே ஏழு கோயிலில் இப்படித்தான் வாங்கிக் கட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, குறை அவளுக்கில்ல. எனக்குத்தான் முடியறதில்ல."

ஆட்டோக்காரர் மும்முரமாகக் கண்ணாடி துடைத்தார். அக்கா மட்டும் அசரவில்லை.

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"அட ஏனுங்க! எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க. பாத்தா நொம்பச் சக்கரை. மொதல்ல போயிச் சொல்லுங்க."

அன்று தொட்டில் கட்டவில்லை. மதியம் 2.30 பஸ்ஸில் மலை இறங்கினோம். மறுநாள் டாக்டரிடம் நானே சொன்னேன். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது.

போகிறவர்களுக்கு: காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள். கரடியூருக்கு ஒன்பது மணிக்குமுன் போய்விடுங்கள். வழியில் விற்கும் லேகியமோ, டாக்டர் எழுதித் தராத மாத்திரையோ வேண்டாம். விறைப்புக் குறைவுக்குப் பின்னால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கலாம்.

குழந்தை இன்னும் இல்லை. ஆனால் ஐந்து வருடத்தில் முதல்முறையாகப் பரிசோதனைச் சீட்டில் என் பெயர் இருக்கிறது. கவிதா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.